ஹட்பே போட்

ஃப்ரீஸர் பெட்டியின் கண்ணாடி மூடியை இரண்டு பேர் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு பெர்சிஸ் உள்ளே போய்ச் சீப்பை எடுத்து வந்தாள். காலையிலிருந்து எத்தனையோ கைகள் பட்டு அவள் கணவர் ஞானதுரையின் தலைமுடி கலைந்து கிடந்தது. யாரோ வகிடு எடுத்து வாரிவிட்டிருந்தார்கள். அவர் வகிடு எடுப்பவர் இல்லை. நெற்றியிலிருந்து நேராகப் பின்னுக்குத் தள்ளி வாருவார். கடல் காற்று வாரிவிட்ட தலை, இனி அதை மாற்ற முடியாது என்பார். அவள் அப்படியே பின்னுக்கு வாரிவிட்டு, சீப்பில் வந்த இரண்டு நரைமுடிகளை விரலில் சுற்றிக்கொண்டு நகர்ந்தாள். மூடி இறங்கியது.

குத்துக்கல்வலசையில் அந்த வீட்டைக் கட்டிக் குடிவந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் ஞானதுரை அந்தமானில், தீவுக்குத் தீவு போகிற பயணிகள் போட்டில் வேலை பார்த்தார். கயிறு இழுக்கிற ஆளாகச் சேர்ந்து, சுக்கான் பிடிக்கிறவராக ஓய்வு பெற்றார். அன்று காலை பால் பாக்கெட் எடுக்க கேட் வரைக்கும் போனவர், திரும்பி வந்து வராந்தா நாற்காலியில் உட்கார்ந்தார். பெர்சிஸ் காப்பியோடு வந்தபோது பாக்கெட் மடியில் இருந்தது. அவர் இல்லை.

அவருடைய தம்பி ஸ்டான்லி தென்காசி பஜாரில் பெயிண்ட் கடை வைத்திருப்பவர். எதையும் முறையாகச் செய்கிற மனிதர். பந்தல், நாற்காலி, கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட ஆள் என்று மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டு அண்ணியிடம் வந்து குனிந்து கேட்டார்.

"மதினி, நாளைக்குக் காலைல அடக்கம்னு எல்லாருக்கும் சொல்லிரட்டா? பாஸ்டர் ஐயாவுக்கு மத்தியானத்துக்கு மேல வெளியூர் போற சோலி இருக்காம்."

"ஜாய் வரணும்லா" என்றாள் பெர்சிஸ்.

"வரணும்தான். எப்படி வருவா?"

ஒரே மகள் ஜாய், லிட்டில் அந்தமானில் ஹட்பே என்கிற ஊரில் பள்ளிக்கூட ஆசிரியை. அங்கேயே பிறந்து வளர்ந்த பையனைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். அந்தத் தீவிலிருந்து போர்ட் பிளேருக்குப் போட்டில் ஏழெட்டு மணி நேரம். அப்புறம்தான் விமானம், சென்னை, மதுரை எல்லாம். தென்மேற்குப் பருவக்காற்று எழும்பிவிட்டால் அந்த வழியில் கடல் முரடாகிவிடும். இங்கே மலைமேல் மேகம் இறங்கிச் சாரல் விழுந்து, அருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்று ஊரெல்லாம் சந்தோஷப்படுகிற அதே நாட்களில் அங்கே போட் நின்றுபோகும். ஞானதுரைக்கு இது மனப்பாடம். சீசன் தொடங்கி வாசலில் முதல் சாரல் அடித்ததும், "ஹட்பேக்கு இன்னைக்குப் போட் இருக்காது" என்று தன்பாட்டில் சொல்லிக்கொள்வார். முந்தின நாள் சாயங்காலம்கூட மகளிடம் போனில் அதைத்தான் விசாரித்தார். மூன்று நாளாக இல்லை என்று அவள் சொன்னாள்.

நான்காவது நாளும் இல்லை. தீவுக்கு வந்துபோகிற ஹெலிகாப்டரும் பறக்கவில்லை. போனில் ஜாயின் குரலைவிடக் காற்றின் சத்தம்தான் அதிகமாகக் கேட்டது.

"மம்மி, எனக்காக டாடியை வச்சிருக்காதீங்க. நீங்க முடிச்சிருங்க. நான் அப்புறமா வர்றேன்."

"நீ பைய எடுத்துட்டு ஜெட்டிக்குப் போ" என்றாள் பெர்சிஸ். "போட் எப்ப கெளம்புனாலும் நீ அதுல இருக்கணும்."

"கிளம்பலைன்னா?"

"அத அப்புறம் பாப்போம்."

போனை வைத்த பிறகு சுற்றி இருந்தவர்கள் அவளைப் பார்த்த பார்வையில் அனுதாபமும் இருந்தது, கொஞ்சம் சலிப்பும் இருந்தது. சிவகிரியிலிருந்து வந்திருந்த ஞானதுரையின் அக்கா கோமதியம்மாள், ஆத்துமா போன பிறகு சரீரத்தைப் பெட்டியில் போட்டு வைத்திருப்பது நல்லதில்லை என்று பொதுவாக யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள். பெர்சிஸ் மறுத்துப் பேசவில்லை. அந்த வீட்டில் அவள் யாரையும் மறுத்துப் பேசிப் பழக்கமில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் போட்டிருந்த பாயில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அவள் தென்காசிக்காரிதான். அவளுக்கு இருபது வயதானபோது ஞானதுரை லீவில் வந்து பெண் பார்த்தார். அதற்கு முன்னால் அவள் கடலைப் பார்த்தது ஒரே ஒருமுறை, திருச்செந்தூரில், முழங்கால் தண்ணீரில். கல்யாணம் முடிந்த கையோடு மெட்ராஸில் கப்பல் ஏறினார்கள். மூன்று நாளும் அவளால் தலையைத் தூக்க முடியவில்லை. குடித்த தண்ணீர்கூட வெளியே வந்தது. புது மாப்பிள்ளை வாளியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு தடவையும் அதைக் கொண்டுபோய்க் கழுவி வந்து மறுபடியும் உட்காருவார். முகத்தைச் சுளிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. இந்த ஆளோடு இருந்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது அந்த வாளியைப் பார்த்துத்தான்.

லாங் ஐலண்ட் என்கிற சின்னத் தீவில், போட் வந்து ஒதுங்குகிற ஜெட்டியை ஒட்டி அவர்களுக்கு வீடு. அந்த ஊருக்கு எல்லாமே போட்டில்தான் வரும். வெங்காயம், பேப்பர், புது வாத்தியார், பிரசவம் முடிந்த பெண், சமயத்தில் சவப்பெட்டி. போட் தெரிந்ததும் ஊரே ஜெட்டிக்கு இறங்கிவிடும். வங்காளி, ராஞ்சிக்காரர், தெலுங்கர், தமிழர் எல்லாரும் கலந்து நிற்பார்கள். இந்தியில்தான் பேச்சு. கடல் சரியில்லாத நாளில் 'மௌசம் கராப்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். வானிலை மோசம், போட் இல்லை, வீட்டுக்குப் போங்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நாளைக்கு வரும் என்று போய்விடுவார்கள்.

பெர்சிஸும் கூட்டத்தோடு நிற்பாள். போட் ஒதுங்கும்போது ஞானதுரை சுக்கான் அறைக்குள் விறைப்பாக நிற்பது தெரியும். அவள் நிற்கிற பக்கம் திரும்பவே மாட்டார். முதல் கயிறு விழுந்து, இரண்டாம் கயிறும் கட்டி, எஞ்சின் அடங்கிய பிறகுதான் முகத்தை இந்தப் பக்கம் திருப்பித் தாடையை லேசாக உயர்த்துவார். அவ்வளவுதான். அதற்காக அவள் வெயிலில் ஒரு மணி நேரம் நின்றிருப்பாள்.

ஞானதுரை போன அன்றைக்குச் சாயங்காலம் ஸ்டான்லி மறுபடியும் வந்தார். இந்தத் தடவை கீழே பாயிலேயே உட்கார்ந்தார். குரலில் கடுமை இல்லை. காற்று இப்படி அடிக்கிறது, கரண்டை எப்போது நிறுத்துவான் என்று சொல்ல முடியாது, வெட்டின குழியில் தண்ணீர் ஊறும், தூரத்திலிருந்து வந்தவர்களை எத்தனை நாள் உட்காரவைப்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாம் நியாயமான பேச்சு. கடைசியில், "ஜாயே வேண்டாம்னுதான சொல்லுதா, மதினி" என்றார்.

பெர்சிஸ் பெட்டியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நானும் அப்படித்தான் சொன்னேன், ஸ்டான்லி. எங்கம்மையைப் பொதைச்ச அன்னைக்கு நான் ஜெட்டியில நின்னுக்கிட்டு இருந்தேன். எனக்காகக் காத்திருக்க வேண்டாம்னு நான்தான் தந்தி குடுக்கச் சொன்னேன். ஒருத்தரும் காத்திருக்கல." சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். "வேண்டாம்னு சொன்னா விட்டுருவாங்கன்னு அப்ப எனக்குத் தெரியாது."

ஸ்டான்லி எழுந்து வெளியே போய்விட்டார்.

அது நடந்தபோது ஜாய்க்கு நான்கு வயது. போலீஸ் வயர்லெஸ்ஸில் செய்தி வந்தது. ஞானதுரையின் போட் மாயாபந்தரில் காற்றுக்கு ஒதுங்கிக் கிடந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் ஜெட்டிக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள். ஒருவழியாகப் போட் வந்து, போர்ட் பிளேருக்குப் போய்ச் சேர்ந்தபோது மெட்ராஸ் கப்பல் முந்தின நாளே போயிருந்தது. அடுத்த கப்பல் வர இரண்டு வாரம் ஆகும். விமானத்தில் இடமில்லை. அடக்கம் முடிந்துவிட்டது என்ற தகவலும் அங்கேயே கிடைத்தது. ஞானதுரை மறுநாள் அதே போட்டில் அவளைத் திரும்ப அழைத்துவந்தார்.

வரும் வழியில் அவளைச் சுக்கான் அறைக்குள் கூப்பிட்டு ஸ்டூலில் உட்காரவைத்தார். பயணிகளை அங்கே விடக்கூடாது. கேப்டன் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனார். அலை அடங்கி, இரண்டு பக்கமும் அலையாத்திக் காடு நிற்கிற கால்வாய்க்குள் போட் நுழைந்தபோது, "இங்க வந்து இதப் பிடி" என்றார். அவள் சுக்கானைப் பிடித்தாள். அவள் கைமேல் அவர் கை இருந்தது. எத்தனை நாளுக்கோ அப்புறம் அவள் கைகளுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்று கிடைத்தது. தண்ணீர் பச்சையாகக் கிடந்தது. அவள் அழுதாள். அவர் எதிரே கால்வாயைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

ஆறு மாதம் கழித்து ஊருக்கு வந்தபோது அம்மாவின் கல்லறையில் புல் முளைத்திருந்தது. அதைப் பார்த்தும் அவள் மனம் ஒப்பவில்லை. இன்றுவரைக்கும் ஒப்பவில்லை என்றுதான் சொல்லவேண்டும். அம்மா தென்காசியில் ஏதோ ஒரு தெருவில் இருக்கிறாள், போட் கிடைத்தால் போய்ப் பார்த்துவிடலாம் என்பதுபோல ஒரு நினைப்பு. தென்காசிக்கே குடிவந்த பிறகும் அது போகவில்லை. அந்த நினைப்பை மகளுக்குக் கொடுக்க அவளுக்கு மனமில்லை.

மறுநாள் விடிந்தபோது சாரலோடு காற்றும் சேர்ந்துகொண்டது. சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் எங்கோ கொப்பு முறிந்து கம்பியில் விழுந்து கரண்ட் போனது. அதுவரைக்கும் உறுமிக்கொண்டிருந்த பெட்டி நின்றதும் வீடு சட்டென்று அமைதியானது. பாட்டுப் படித்துக்கொண்டிருந்த சபைப் பெண்கள் பாதியில் நிறுத்தினார்கள். எல்லாரும் ஸ்டான்லியைப் பார்த்தார்கள். அவர் பெர்சிஸைப் பார்த்தார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோபத்தில் போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பெர்சிஸும் அப்படித்தான் நினைத்தாள்.

மூடியைத் திறக்காமல் இருந்தால் கொஞ்ச நேரம் குளிர் நிற்கும் என்று பக்கத்து வீட்டு ஜோதிலட்சுமி சொன்னாள். அவளே ஒரு கம்பளியைக் கொண்டுவந்து பெட்டிமேல் போர்த்தினாள். முகம் இருக்கிற இடத்தை மட்டும் விட்டுவிட்டாள். பெர்சிஸ் அந்த இடத்தில் குனிந்து பார்த்தபடி இருந்தாள். தான் பிடிவாதம் பிடித்துவிட்டோமோ என்று முதல்முறையாக அவளுக்குப் பயம் வந்தது. இவர் உடம்பு கெட்டுப்போனால் ஊர் பேசுவது இருக்கட்டும், இவருக்குத் தான் என்ன பதில் சொல்வது.

ஒரு மணி நேரத்துக்கும் மேலே ஆன பிறகு லோடு ஆட்டோ ஒன்று பின்பக்கமாகவே வந்து கேட்டில் நின்றது. அதில் ஒரு ஜெனரேட்டர். தெரிந்தவருடைய கல்யாண மண்டபத்திலிருந்து கேட்டு வாங்கி வந்திருந்தார் ஸ்டான்லி. சட்டையெல்லாம் உடம்போடு ஒட்டியிருந்தது. வயரை இழுத்து மாட்டி, பெட்டி மறுபடி ஓட ஆரம்பித்த பிறகு துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, "டீசல் வாங்கத்தான் நேரமாயிட்டு" என்றார். கோமதியம்மாள் எழுந்துபோய் அவருக்குக் காப்பி போட்டாள்.

அந்த ஜெனரேட்டர் சத்தத்தில் போன் அடித்தது யாருக்கும் கேட்கவில்லை. ஜோதிலட்சுமிதான் திரையில் வெளிச்சத்தைப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். ஜாய் செய்தி அனுப்பியிருந்தாள். கடல் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, போட் கிளம்பிவிட்டது, இனி சிக்னல் கிடைக்காது.

"எவ்வளவு நேரம் ஆகும், மதினி?" என்று ஸ்டான்லி கேட்டார்.

"இந்தக் காத்துல ஆடி ஆடித்தான் போவும். இருட்டிரும்."

"அப்ப நாளைக்குக் காலைல பிளைட்டு. மதுரைக்கு நான் கார் அனுப்புதேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாஸ்டர் ஐயா இல்லாட்டி என்ன, ராயகிரியில நம்ம ஐயா ஒருத்தர் இருக்காரு. வருவாரு" என்றார்.

அன்று பிற்பகல் முழுவதும் பெர்சிஸ் பெட்டியின் பக்கத்தை விட்டு நகரவில்லை. இத்தனை வருஷமும் அவள் கரையில் நின்றாள், அவர் கடலில் இருந்தார். இப்போதுதான் இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் இருந்து ஒரு போட்டுக்காகக் காத்திருக்கிறார்கள். அப்படி நினைத்ததும் மனசு கொஞ்சம் லேசானது. போட் இப்போது எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அவர் இருந்திருந்தால் சொல்லியிருப்பார். மகள் வாந்தி எடுப்பாளா என்று நினைத்தாள். சின்ன வயதில் எடுக்கமாட்டாள். டெக்கில் ஓடித் திரிவாள். யாராவது பிடித்து அப்பாவிடம் விட்டுவிட்டுப் போவார்கள்.

ஜோதிலட்சுமி கஞ்சி கொண்டுவந்து வற்புறுத்திக் குடிக்கவைத்தாள். அப்படியே பேச்சுக்கொடுக்கவேண்டும் என்று, அண்ணாச்சிக்குக் குற்றாலம் பிடிக்குமா என்று கேட்டாள். பெர்சிஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு அருவி பிடிக்காது. தலையில் அடிக்கிற தண்ணீரில் என்ன இருக்கிறது என்பார். ஆனால் ஒரு சீசனில் ஐந்தருவி போகிற வழியில் படகு விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அவரே அவளைக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு குளம். காலால் மிதிக்கிற படகு. சின்னப் பிள்ளைகளும் புதுசாகக் கல்யாணம் ஆனவர்களும் வரிசையில் நின்றார்கள். இவரும் நின்றார். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிவிட்ட பையன், தாத்தா நடுவுல உக்காருங்க, ஆட்டாதீங்க என்று அதட்டினான். சரிப்பா என்று பணிவாக நடுவில் உட்கார்ந்தார். அந்தக் குளத்தில் மூன்று சுற்றுச் சுற்றினார்கள். அவர் மிதித்துக்கொண்டே ஓரமாக இருந்த சின்னக் கைப்பிடியைப் பிடித்துத் திருப்பினார். முகம் அவ்வளவு விறைப்பாக இருந்தது. அவளுக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. கரையில் ஒதுங்கியதும் அந்தப் பையன் கொக்கியால் இழுக்கிற வரைக்கும் அவர் எழுந்திருக்கவில்லை. பிறகு அவள் பக்கம் திரும்பித் தாடையை லேசாக உயர்த்தினார்.

இதை ஜோதிலட்சுமியிடம் சொல்ல ஆரம்பித்தவள் குளத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

இருட்டிய பிறகு ஜாய் போர்ட் பிளேரிலிருந்து பேசினாள். மறுநாள் மதுரையில் இறங்கி, ஸ்டான்லி அனுப்பிய காரில் ஏறினாள். சனிக்கிழமை. குற்றாலத்துக்குப் போகிற வேன்களும் கார்களும் கடையநல்லூரிலிருந்தே நெருக்கிக்கொண்டு வந்தன. கார் வீட்டு வாசலுக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது.

ஜாய் யாரையும் பார்க்கவில்லை. நேராகப் பெட்டிக்குப் போனாள். கண்ணாடி பனி படர்ந்து மங்கியிருந்தது. துப்பட்டா நுனியால் துடைத்தாள். அது மறுபடியும் மங்கியது. மூடியை எடுத்துவிடச் சொன்னாள். எடுத்தார்கள். அவள் அப்பாவின் நெற்றியில் கையை வைத்து, பின்னுக்கு வாரியிருந்த முடியின் வழியே மெதுவாகக் கொண்டுபோனாள். சில்லென்று இருந்திருக்க வேண்டும். கையை எடுக்கவில்லை. "டாடி, போட் வந்துட்டு" என்று சின்னக் குரலில் சொன்னாள். கோமதியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெர்சிஸ் மகளின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. மூன்று நாளாகத் தோளில் தூக்கி வைத்திருந்த ஒன்றைக் கீழே இறக்கியதுபோல இருந்தது.

குழியில் ஊறியிருந்த தண்ணீரை இறைத்து மணல் போட்டு வைத்திருந்தார்கள். ராயகிரி ஐயா ஜெபத்தைச் சுருக்கமாக முடித்தார். சவப்பெட்டியைக் கயிற்றில் இறக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்தது. ஸ்டான்லி மண்டிபோட்டுப் பிடித்து நேராக்கினார். ஜாய் மண் போட்டாள். பெர்சிஸ் போட்டாள். ஈர மண் என்பதால் பொத்தென்று விழுந்தது. மலைப்பக்கமிருந்து மெல்லிய சாரல் வந்து எல்லார் தலையிலும் மாவு தூவியதுபோல நின்றது. எல்லாம் முடிந்து வீட்டுக்குத் திரும்பினார்கள்.

பந்தல்காரர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே பெட்டி இருந்த இடத்தை யாரோ கழுவிவிட்டிருந்தார்கள். ஜாய் வராந்தாப் படியில் கால் வைத்தவள் தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னட்டி?"

"தரை ஆடுது மம்மி. போட்ல இருந்து இறங்கினதுல இருந்து இப்படித்தான். கண்ணை மூடினா இன்னும் ஆடுது."

"ரெண்டு நாளைக்கு ஆடும்" என்றாள் பெர்சிஸ். "இங்கன உக்காரு."

இருவரும் படியில் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். மெயின் ரோட்டில் அருவியில் குளித்துவிட்டுத் திரும்புகிறவர்களின் வேன்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஜன்னல் கம்பிகளில் ஈரத் துண்டுகள் தொங்கின. ஜாய் செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் காலைத் தரையில் ஊன்றியிருந்தாள். பெர்சிஸ் தன் காலை நகர்த்தி, மகளுடைய பாதத்தின்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.